பதவிப் பெயருக்குக் கீழே இரண்டு வரி

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மின்னஞ்சலில் எழுதாமல் தாளில் எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றால் அடியில் உன் தையற்கடை விளம்பரமும் தானாகவே சேர்ந்து வரும். இப்போது அதை உன் கண்ணில் படவைக்கும் துணிவு எனக்கில்லை.

சமையலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. மேல்வீட்டு அம்மாள் தைக்கக் கொடுத்த திரைச்சீலைகளைக் கேட்டு மூன்று முறை வந்தார். உன் அக்காவுக்கு உடல்நலமில்லை, அதனால் நீ போயிருக்கிறாய் என்று சொன்னேன். மூன்றாம் முறை அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னதை நம்பவில்லை என்று தெரிந்தது. சகலை என்னைச் 'சட்டப் புத்தகம்' என்று கேலி செய்வாரே, இப்போது தாராளமாகச் செய்யட்டும்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எல்லாம் நீ அறிந்ததே. எனக்கும் புரிந்திருக்கிறது என்பதை நீ அறிய வேண்டும்.

சென்ற ஆண்டு நம் திருமண நாளன்று, என் அலுவலக மின்னஞ்சல்களின் அடியில் உன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை போடக் கூடாதா என்று கேட்டாய். நான் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்றேன். இரண்டு வரியைத் தாண்டக் கூடாது, எழுத்து என் பதவிப் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றார். 'பழைய உடைகளை உங்கள் அளவுக்கு மாற்றித் தருகிறோம். ஒரே நாளில் கிடைக்கும்' என்று உன் எண்ணுடன் சேர்த்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் தந்த பரிசுகளில் நீ சிரித்துக்கொண்டே ஏற்றது அது ஒன்றுதான். எந்தக் கடிதத்தின் அடியில் அது போகலாம், எதில் போகக் கூடாது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கொதிகலன் பிரிவுத் தொழிலாளி நெஞ்சுவலியில் இறந்தபோது, விதிப்படி அவர் மனைவிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். முதல் வரி இரங்கல். அடுத்த வரி, சீருடைச் சட்டை இரண்டு, அடையாள அட்டை ஒன்று, அலமாரிச் சாவி ஒன்று ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது. அதன்கீழ் என் பதவி. அதன்கீழ் உன் கடை.

அந்தப் பெண் ஒரு சட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, மற்றது காணவில்லை என்று எழுதிக்கொடுத்தாள். காணாமல் போன சட்டையோடு, கடிதத்தில் கண்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்தாள். தானே அதை உடுத்திக்கொள்ள வேண்டும், தோளைக் கொஞ்சம் பிடித்துக் கையைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டாளாம். நீ தைத்துக் கொடுத்தாய். கூலி வாங்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அதையேதான் செய்தேன். பொத்தான் தேடப்போய், உன் வெட்டுத்துணிப் பையில் அந்தத் தொழிலாளியின் எண் அச்சிட்ட, சட்டைக் கையிலிருந்து வெட்டிய துண்டைக் கண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'தாங்கள் அளித்த தகவல் உண்மைக்கு மாறானது' என்று அன்றே அவளுக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். அதன் அடியிலும் உன் கடை இருந்தது.

மறுநாள் மதியம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வந்து சட்டையை மடித்து உன் மெஷின்மேல் வைத்தாள். நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று எண்ணியிருக்க வேண்டும். அப்படியே போய்விட்டாள். அதன்பிறகே நடந்ததை நீ என்னிடம் சொன்னாய். நீ பெட்டியை எடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "செத்தவன் சட்டைய எண்ணிப் பாக்கிற வீட்ல என் மெஷின் ஓடாதுங்க."

சட்டையைப் பண்டகசாலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் விரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம சட்டையே இல்ல. இந்த அளவே நம்மகிட்ட கிடையாது" என்று திருப்பித் தந்தார். யாருக்கும் வேண்டாத ஒன்றுக்காக இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலை மறித்து நின்றாள். சட்டையை நீட்டினேன். "இதுக்கும் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா சார்?" என்றாள். வேண்டாம் என்றேன். வெட்டிய துண்டைக் கண்டெடுத்தது நான்தான், நான் கடிதம் அனுப்பியது உனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். சட்டையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். உன்னைத்தான் கேட்டாள்.

இன்று பதிவேட்டில், மேற்படி சட்டை என் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அதற்காக நீ கவலைப்பட வேண்டாம். அதைக் காட்டி உன்னை அழைக்கவும் இல்லை.

அந்த இரண்டு வரியை இன்னும் நீக்கவில்லை. கடை உன்னுடையது. நீக்குவதா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதுவரை எவருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் கையால் எழுதுகிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

அக்காவுக்கும் சகலைக்கும் என் வணக்கம். கால் வீக்கத்துக்கான மாத்திரையை மறந்துவிடாதே. கோபம் தீர்ந்த பிறகு வா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கோபத்தோடேயே வா.

இப்படிக்கு,
உன் கணவன்