நிவாரணம் என் பேரில்

கவிப்ரியா அப்பாவுக்கு,

நிவாரணப் பணம் வந்துவிட்டது! அதுவும் என் பேரில்!

போனில் சொன்னால் பேச்சை மாற்றுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். மழையில் மூழ்கிய சம்பாவைக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வந்தபோது, பட்டா தன் பேரில் இருப்பதால் நிவாரணமும் தனக்கே என்றார் நிலத்துக்காரர் ராஜகோபாலன். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அழுகிய பயிரை அள்ளிவந்து காட்டினேன்.

“குத்தகைக்கு எடுத்து நட்டது நாங்க சார். அழுகினது எங்க பயிருங்க!”

ராஜகோபாலன் அந்தப் பயிரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “அந்தம்மா பேர்லயே எழுதுங்க” என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்!

இனி விவசாயமே வேண்டாம் என்று திருப்பூர் போனீர்கள். நான் குறை சொல்லவில்லை.

குறுவைக்கு விதைநெல் வாங்கிவிட்டேன். உழவுக்கு டிராக்டர் சொல்லியாகிவிட்டது. எப்போதும் நீங்கள் வெட்டும் வரப்புக்கு மட்டும் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டுக்காரி