வாழவந்திக்குப் போன உடுக்கை

மே 9, வெள்ளி
காலையிலிருந்து தூறல். மியூசியத்து உடுக்கையோடு ஏற்காடு பஸ். பழைய சேலையில் சுற்றி மடியில். பக்கத்து சீட்டு அம்மாள்: "ஏனுங்க, கொழந்தைக்குக் காத்து அடிக்கலீங்களா?"

வாழவந்தி அம்மன் பண்டிகைக்கு ஊரார் கேட்டிருந்தார்கள். மேலதிகாரி உத்தரவு: சாமி முன்னால் வைக்கலாம், அடிக்கக் கூடாது. காவலுக்கு நான். ஏற்காட்டில் செருப்பு வார் அறுந்தது. தைத்தேன்.

தங்கல் பூசாரி பெரியண்ணன் வீட்டில். உடுக்கை முன்பு இவருடையது. எங்களிடம் கொடுத்தது இவர் மனைவி காளியம்மாள்.

மே 10, சனி
மூடுபனி. துவைத்தது காயவில்லை. கணவன் மனைவி நேராகப் பேசுவதில்லை. அவர் எதிரில்தான் இருக்கிறார், காளியம்மாள் என்னிடம், "சாப்பிடச் சொல்லுங்க."

மத்தியானம் அடுப்படியில் காளியம்மாள் சொன்னார். ஒரே மகள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் பெரியண்ணன் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார். பிழைக்கவில்லை. "பழைய சாமான் கேட்டு உங்காளுங்க வந்தாங்க. தூக்கிக் குடுத்துட்டேனுங்க. இவர அடிக்க மட்டும் உட்டுறாதீங்க."

ஆபீஸ் உத்தரவும் அதுதான் என்றேன். வேறென்ன சொல்வது. அவர் நறுக்கித் தந்த கொய்யா நல்ல ருசி.

மே 11, ஞாயிறு
பண்டிகை. கூட்டம். உடுக்கை வாழையிலை மேல். பெரியண்ணன் தொடவில்லை. பார்த்தபடியே இருந்தார். "அடிங்க பூசாரி" என்று கூட்டத்தில் குரல்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியிடம்: "நீ சொன்னாத்தான்."

காளியம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு அவரிடமே, "அம்மனுக்குன்னு அடிங்க. அவள நெனச்சு அடிக்காதீங்க."

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

தோல் ஈரத்தில் தொய்ந்திருந்தது. நெருப்பில் காட்டி அடித்தார். யாருக்கும் அருள் வரவில்லை. பாதியில் கை நின்றுவிட்டது. "நெனப்பு வருதே, என்ன பண்ணுவேன்" என்று அழுதார். காளியம்மாள் உடுக்கையை வாங்கி என்னிடம் தந்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொங்கலில் நெய் அதிகம்.

மே 12, திங்கள்
வெயில். பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். மகள் என்ன படித்தாள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ.

"நாலாவதுங்க," என்றார் பெரியண்ணன்.

"அஞ்சாவதுங்க," என்றார் காளியம்மாள்.

"நாலுதான். அந்த வருசந்தான் புதுப் பை வாங்குனோம்."

"பை வாங்குனது மூணாவதுலீங்க. செவப்புப் பை. நொம்ப அழுதாளே, நீலம் வேணும்னு."

"செவப்பா அது?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் கையாட்டவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.