தம்மாமில் ஒன்றும் ஆகவில்லை

என் உயிர் அண்ணா, ஏழுமலை அண்ணா,

நாளைக்கு உனக்குக் கருமாதி. வீடு நிறைய ஆட்கள். வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள். நீ இருந்தால் கயிறு சரியாகக் கட்டவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லியிருப்பாய். நான் பின்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கடிதத்தை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இன்று மதியம் படப்பையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா உன் கதையைச் சொன்னாள். "நல்ல வேலைங்க. அரபு நாட்டுல. ஒண்ணும் ஆவாத ஊர்லருந்து பயந்துக்கினு ஓடியாந்துட்டான். அங்கயே இருந்திருந்தா இன்னிக்கு மாடி வூடு கட்டியிருப்பான்." நீ செத்துப் பதினைந்து நாள் ஆகியும் அம்மா அதை விடவில்லை. வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரியும், அந்தக் கதையை அம்மாவுக்குக் கொடுத்தவள் நான்தான்.

தொண்ணூற்றொன்று தை மாதம். அரபு நாட்டில் போர் தொடங்கும் முன்பு தம்மாமிலிருந்து நீ போட்ட கடிதம், போர் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. வீட்டில் பத்தாவது படித்தவள் நான் ஒருத்தி. எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் கொல்லையில் அப்பாவுக்குப் படித்தேன். "கேம்பில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இப்போது போனால் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வா என்று ஒரு வரி எழுதினால் வந்துவிடுகிறேன்." இதுதான் நீ எழுதியது. இன்றைக்கும் மனப்பாடம்.

"உங்கம்மாகிட்ட அந்த எடத்த படிக்காத," என்றார் அப்பா. வைகாசியில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டிருந்தார்கள். நீ வந்துவிட்டால் வண்டி ஏது, கல்யாணம் ஏது?

அம்மாவிடம் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் படித்தேன். "அவசரப்பட்டு வர வேண்டாம், செல்வி முகூர்த்தம் முடியட்டும்" என்று உனக்குப் பதில் எழுதினேன். சொன்னவர் அப்பா. ஆனால் எழுதும்போது என் கை நடுங்கவில்லையே, அதற்கு யாரைக் குறை சொல்வது?

அப்புறம்தான் ரேடியோ. தினம் விளக்கு வைத்ததும் அம்மா அதன் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் ராகு காலம் முடிகிற வரைக்கும் யாரையும் அதைத் தொட விடமாட்டாள். கெட்ட சேதி அந்த நேரத்தில் வீட்டுக்குள் வரக்கூடாதாம். செய்தி வாசிப்பவரின் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். "ஏவுகணைன்னா இன்னாடி?" என்று ஒரு நாள் கேட்டாள். "திருவிழாவுல வுடுவாங்களே வாணம், அந்த மாதிரிம்மா," என்றேன். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். இப்படித்தான் ஒரு போரை நான் நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி சின்னதாக்கிக்கொண்டு வந்தேன்.

மாசியில் ஒரு சாயங்காலம். அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். தம்மாமுக்குப் பக்கத்தில் ஏவுகணை விழுந்தது, கட்டடம் இடிந்தது, பலர் செத்தார்கள் என்று ரேடியோ சொன்னது. மற்றதெல்லாம் அம்மாவுக்கு எட்டவில்லை. தம்மாம் மட்டும் எட்டிவிட்டது. உன் கடித உறையில் நான் நூறு தடவை படித்துக் காட்டிய பெயரல்லவா?

கல் பொறுக்கிய அவள் கை நின்றுவிட்டது. "தம்மாம்னு சொன்னானே, இன்னாவாம்?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தேவையே இல்லை அண்ணா. நான் முன்பே முடிவு செய்திருந்தேன்.

"தம்மாம்ல ஒண்ணும் ஆவலையாம்மா. அதத்தான் சொல்றாங்க."

"அதான் சொல்லிட்டாங்கல்ல," என்று அப்பா எழுந்து ரேடியோவை அணைத்தார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி கல் பொறுக்கினாள். நீ செத்திருப்பாயோ என்று நினைத்துக்கொண்டே நான் புடவையை அடித்து முடித்தேன். ஓரம் நேராகத்தான் வந்தது.

பங்குனியில் உன் கடிதம் வந்தது. நலம் என்று நாலு வரி. எங்களைத் திட்டி ஒரு சொல் இல்லை.

வைகாசியில் அந்த ராத்திரி. ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் உலகத்து ரேடியோவெல்லாம் நம் ஊர்ப் பெயரைச் சொன்னது. நீ கேம்பில் கேட்டிருக்கிறாய். போன் கிடைக்கவில்லை, தந்திக்குப் பதில் இல்லை. நாங்கள் யாராவது கூட்டம் பார்க்கப் போயிருப்போமோ என்று உனக்குப் பயம். கையெழுத்துப் போட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஒரே பையோடு வந்து வாசலில் நின்றாய்.

"எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்று கேட்டாய். "எவன்டா ஒன்ன கூப்ட்டான்?" என்று அப்பா கேட்டார்.

நம் ஊர்ப் பெயரை ஒரே ஒரு தரம் கேட்டு நீ கிளம்பி வந்தாய். நீ இருந்த ஊரின் பெயரைத் தினமும் கேட்டுவிட்டு நாங்கள் சாப்பிட்டுப் படுத்தோம். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அம்மா உனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அங்கதான் ஒண்ணும் ஆவலையாமே. செல்வி ரேடியோ கேட்டுச் சொன்னா. அப்புறம் ஏண்டா வேலைய வுட்டுட்டு வந்த?" என்றாள். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஒரு பிடி சோற்றை விழுங்கினாய். "ஆமாம்மா. ஒண்ணும் ஆவல," என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? உன் பெருந்தன்மையை யார் கேட்டார்கள்? அன்றைக்கே என்னை நாலு அறை அறைந்திருந்தால் அதோடு போயிருக்கும். நீ என்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டாய். அன்று முதல் இந்த வீட்டில் நீ பயந்தாங்கொள்ளி, நீ கொண்டுவந்த பணத்தில் வண்டியோடு நல்லபடியாக வாழப் போன பெண் நான். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது அண்ணா.

ஒரகடத்தில் முதல் கம்பெனி வந்து சங்கு ஊதிய மதியம் நினைவிருக்கிறதா? ஏவுகணைக்கு ஊதும் சங்கென்று நீ சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து சுவரோரம் குந்திவிட்டாய். என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு அதே மாதிரி ஒரு கம்பெனி கேட்டில் இருபது வருஷம் செக்யூரிட்டியாக நின்று, ஒவ்வொரு ஷிப்டுக்கும் அந்தச் சங்கைக் கேட்டாயே, எப்படிக் கேட்டாய்? ஒரு நாளும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம். நம் இருவரில் பயந்தாங்கொள்ளி யார் என்று இப்போதாவது தெரிகிறதா?

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. வயதான காலத்தில் அவளை ஏன் நோகடிக்க வேண்டும் என்று என் மனசே எனக்கு வக்காலத்து வாங்குகிறது. அந்த வக்கீலை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலமும் அதுதான் பேசியது.

நாளை சடங்கு முடிந்து பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருவேன். நீ வரட்டுமா என்று கேட்டதைச் சொல்வேன். நான் வராதே என்று எழுதியதைச் சொல்வேன். அன்றைய செய்தியை, செத்தவர்களை விடாமல், முழுசாகச் சொல்வேன். அவள் என்னை அடிக்கலாம், இனிமேல் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போகலாம். அவள் பிள்ளை சாவுக்கு நடுவில் நின்றவன் என்று தெரிந்துகொண்டு, உனக்காக ஒரு முறையாவது அவள் சரியாக அழ வேண்டும். அழ வைப்பேன் அண்ணா. இது சத்தியம்.

வா என்று ஒரு வரி எழுதாத,
உன் கூடப்பிறந்த தங்கை,
செல்வி