மேட்டுக் கொல்லையில் திணறிய வண்டி

ஜூலை 18, வெள்ளி, 1986

காலையிலிருந்து மேகமூட்டம். நேற்று நல்ல மழை. மேட்டுக் கொல்லையில் கால் வைத்தால் மண் ஒட்டுகிறது. நாளைக்கு உழவுக்குப் பதமாக இருக்கும்.

ஆடி முதல் வெள்ளி. வீடு கழுவி, கோலம் போட்டு, அம்மனுக்குக் கூழ். அப்புறம் வண்டி. புதுச்சேரியில் ஏதோ பங்களாத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த குட்டி டிராக்டர், பெட்ரோல் இன்ஜின். இவரும் கொழுந்தன் ஏழுமலையும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. இவர் திண்டிவனம் ரைஸ் மில்லுக்குப் போய்விடுவார். ஏழுமலைக்கு விழுப்புரத்தில் கடை. அதனால் ஓட்டுவது நான். இந்தச் சுற்று வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுகிற ஒரே பொம்பளை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வண்டியைக் குளிப்பாட்டினேன். வழக்கமாக முன்பக்கம் ஒரு பொட்டோடு சரி. ஆடி ஆயிற்றே, கஞ்சத்தனம் எதற்கு? சக்கரம், ஸ்டியரிங், விளக்கு, பெட்ரோல் டேங்க் மூடி, எல்லாவற்றுக்கும் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். கல்யாணப் பெண் மாதிரி நின்றது. யார் கண்ணும் படக்கூடாது.

மாலையில் பக்கத்து வீட்டு அஞ்சலையும் நானும் விதைக்கு மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுத்தோம். விரல் நுனியெல்லாம் எரிச்சல். உடைத்த விதை ரொம்ப நாள் தாங்காது. சீக்கிரம் மண்ணுக்குள் போயாக வேண்டும்.

ஜூலை 19, சனி

வெயில். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட். கிழக்கு வரப்பிலிருந்து ஆரம்பித்து அருமையான ஓட்டம்.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் சத்தம் மாறிவிட்டது. ஊஊம் என்று ஏறுகிறது, உடனே இறங்கிப் போய் முனகுகிறது. மறுபடி ஏற்றம். மறுபடி இறக்கம். மூச்சு வாங்குகிற கிழவன் மாதிரி. கடைசியில் நின்றே போனது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது! ஒரு சால் போய்த் திரும்பினால் பழைய கதை.

கடைப்பக்கம் போனால் காதில் விழுந்தது: "தனம் வண்டிக்கு இழுப்பு வந்துட்சாம்பா."

சிரிக்கட்டும். எனக்கு அழுகைதான் வந்தது, கோபத்தில்.

ஜூலை 20, ஞாயிறு

காலை: இட்லி. அரைத்து வைத்த மாவு புளித்துவிட்டது.

ஏழுமலை வந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் அதே இழுப்பு. இறங்கியவர் என்னைப் பார்த்துச் சொன்னது:

"பொம்பள கை பட்டா மிஷினு சொன்னபடி கேக்காது அண்ணி. தப்பா எட்த்துக்காதீங்க."

"நேத்து வரைக்கும் கேட்டுக்கினுதானே இருந்துச்சி?"

"இனிமே கேக்காது. கோலியனூர்ல ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு. வெள்ளிக்கிழம வந்து பாக்கறாராம். புட்ச்சிருந்தா பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஓட்டிக்கினு போயிடுவாரு. ஆடியில வேற நாள்ல வாங்க மாட்டாராம்."

இவர் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். பாதி ஏழுமலை பங்கு. என்ன சொல்வார்?

வண்டி போனால் எனக்குப் பழையபடி ஏர்க்காரன் வீட்டு வாசல். இன்றைக்கு வா, நாளைக்கு வா. அவன் வருவதற்குள் ஈரம் காய்ந்து போகும். அதை விடு. அந்த சீட்டில் உட்காரும்போது என் முதுகு தானாக நிமிர்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 21, திங்கள்

திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் அந்தோணியை இவர் சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். கை சுத்தம். பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். கார்புரேட்டரை முழுசாகப் பிரித்து, பெட்ரோல் போகிற பொடி ஓட்டைகளை ஊதி ஊதிக் கழுவினார். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங்கையும் மாற்றினார்.

"பெட்ரோல் பத்தல, அதான் இழுக்குது. அது மட்டும் நிச்சயம். ஆனா எங்க அடைச்சிக்கினு இருக்குதுன்னுதான் தெரியல, கார்புரேட்டரு கிளீனா இருக்குது" என்றார்.

பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் தேன் மாதிரி ஓடியது. அவருக்குச் சோறு போட்டேன், கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் தலை மறைந்ததும் கொல்லைக்கு ஓட்டினேன். வேப்பமரம் தாண்டவில்லை.

ஊஊம். உம். ஊஊம். உம்.

பேஜாரு.

ஜூலை 22, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். தலைக்குக் குளித்தேன். வண்டிக்கு மறுபடி சந்தனம், குங்குமம். பழைய பொட்டின் மேலேயே, இன்னும் கெட்டியாக. வண்டி சரியானால் பெருமுக்கல் மலை ஏறி சாமி கும்பிடுவதாக வேண்டிக்கொண்டேன்.

வண்டி முன்னைவிட மோசம்! ஒரு சால் கூட ஓடவில்லை. சாமிக்கே என் மேல் கோபமா?

ஒன்று மட்டும் கவனித்தேன். மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது. இவரிடம் சொன்னேன். "அப்ப அதுக்கு டேங்க் ரொம்பி வழியணும் போல. குண்டான் ரொம்ப சோறு துன்ற ஜாதி" என்றார். மில் தூசியோடு வந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொல்லை மேற்பக்கம் மண் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

நேற்று எழுத மனமில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை!

காலையில் சமையலுக்கு எண்ணெய் இல்லை. புது டின் உடைக்க வேண்டும். அஞ்சலை ஆணி வைத்து ஒரு மூலையில் ஓட்டை போட்டுச் சாய்த்தாள். எண்ணெய் கொடக்கென்று கொஞ்சம் கொட்டும், நிற்கும். மறுபடி கொடக். நிற்கும்.

"இன்னாடி இது, எதிர் மூலையில இன்னொரு ஓட்ட போடு. காத்து உள்ள போனாதானே எண்ண வெளிய வரும்?" என்று நானேதான் சொன்னேன். போட்டாள். எண்ணெய் நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கொடக், நிற்கும். கொடக், நிற்கும். இந்தத் தாளத்தை இத்தனை நாள் கொல்லையில் கேட்டுக்கொண்டிருக்கிறேனே!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, இழுப்பு வரும் வரை அங்கேயே காத்திருந்தேன். வந்தது. ஓட ஓடவே டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உறிஞ்சுகிற சத்தம். அடுத்த நொடி இன்ஜின் சமனாகிவிட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நிறுத்திவிட்டு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நட்ட நடுவில் என் பொட்டு. முதல் வெள்ளி வைத்த சந்தனம், அதன் மேல் செவ்வாய்க்கிழமைச் சந்தனம். காய்ந்து சிமெண்ட் மாதிரி. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. அந்த வழியாகத்தான் டேங்க் மூச்சு விட வேண்டும் போலிருக்கிறது. அதை நான்தான் பக்தியோடு அடைத்து வைத்திருக்கிறேன்.

தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தேன். மூடியை இறுக்கிப் போட்டு ஓட்டினேன். கிழக்கு வரப்பு, வேப்பமரம், மேற்கு வரப்பு, திரும்பி, மறுபடி. மதியச் சோறு யாருக்கும் இல்லை. நிற்கவே இல்லை வண்டி. நானும் நிற்கவில்லை. அஞ்சலை வரப்பிலிருந்து கை தட்டினாள். நான் சத்தம் போட்டுப் பாடினேன், இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது!

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஏழுமலை சொன்னது உண்மைதான். பொம்பளை கை பட்டுத்தான் கெட்டது. இதை அவரிடம் நான் சொல்லப் போவதில்லை.

பெருமுக்கல் மலை ஏறத்தான் வேண்டும். அந்த டின்னை இன்றைக்கு உடைக்க வைத்தது யாரோ.

ஜூலை 25, வெள்ளி

லேசான தூறல். இரண்டாம் ஆடி வெள்ளி. இவருக்கு மில்லில் லீவு.

கோலியனூர்க்காரர் வந்தார், ஏழுமலையோடு. வெள்ளை வேட்டி, குடை. "யார் ஓட்டிக் காட்டறது?" என்றார். ஏழுமலை வாய் திறப்பதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மிச்சமிருந்த இடம் முழுவதும் அவர் கண்ணெதிரே உழுது முடித்தேன். சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

குடைக்காரர் ஏழுமலையிடம்: "இன்னாப்பா, இழுக்குதுன்னு சொன்னே? இவ்ளோ ஜோரா ஓடற வண்டிய யாராவது விப்பாங்களா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "யார் ரிப்பேரு பண்ணது?"

இவர்தான் பதில் சொன்னார், எனக்கு முன்னால்: "தனம்தான். வண்டி குடுக்கறதா இல்லப்பா."

இத்தனை வருஷத்தில் என் பெயரை இவர் இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

குடைக்காரர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஏழுமலை கை கால் கழுவி வந்தார். அப்புறம் அவராகவே சாமி மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

"எல்லாம் நீங்க வெச்ச பொட்டோட மகிம அண்ணி. இன்னிக்கு என் கையால வெக்கறேன்" என்று கட்டை விரல் நிறையச் சந்தனத்தை வழித்து, நேராக டேங்க் மூடிக்குப் போனார்.

பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். "அங்க வேணாம்! முன்னால வைங்க."

"ஏன்?"

"அது வண்டிக்கு வாய். வாய்ல போயி யாராவது பொட்டு வெப்பாங்களா?"

முன்பக்கம் போய் வைத்தார். பயபக்தியோடு.

இவர் மட்டும் மூடியைப் பார்த்தார். சுரண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு.

தெரிந்துவிட்டது. தெரியட்டுமே. அடைத்தவளும் நான், கண்டுபிடித்தவளும் நான்.

அஞ்சலை விதைக் கூடையோடு வாசலில் நிற்கிறாள்.