உக்கிராண அறை மீது அரசர் படையெடுத்த செய்தி

மேகம் கேட்காமல் பொழிக. நெல் சொல்லாமல் விளைக. வேங்கைக்கோட்டு நாடும், அரசியார் பிறந்த கானலூர் நாடும் குறைவின்றி வாழ்க. ஏழு கோட்டைகளை வென்றவரும், பகைவர் முதுகைப் பலமுறை கண்டவரும், சென்ற வாரம் வரை தம் அரண்மனைச் சமையற்கட்டைக் காணாதவருமான அடலேறு வெற்பரையரின் பட்டத்தரசி ஆதிரைநங்கையார் திருமுன், அமைச்சன் மருதங்கிழான் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கையார் திருமணம் இனிதே நிறைவேறியது கேட்டு நாடு மகிழ்ந்தது. இங்கு யாவரும் நலம் என்று எழுதும்படி அரசர் பணித்தார். எழுதியாயிற்று. இனி நடந்தது.

அத்திருமணத்துக்குப் புறப்பட்டுப் பல்லக்கில் ஏறுகையில் அரசியார், எதை வேண்டுமானாலும் செய்யலாம், சமையற் பண்டங்கள் இருக்கும் உக்கிராண அறையை மட்டும் தொடவேண்டாம் என்று அரசரிடம் சொல்லிச் சென்றார். அந்தச் சொல் அரசர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாட்டையே நம்பி ஒப்படைத்தவள் பருப்புப் பானையை நம்பி ஒப்படைக்கவில்லையே என்று இரண்டு நாள் பொருமினார். போரும் இல்லாத காலம். மூன்றாம் நாள் காலை இடைக்கச்சையை இறுக்கிக்கொண்டு அறைக்குள் புகுந்தார்.

அரிசித் தாழிகள் யானைப்படையாக முன்னணியில் நிறுத்தப்பட்டன. துவரையும் உளுந்தும் குதிரைப்படையாக, ஈரச் சுவரோரம் பக்கங்களைக் காத்தன. கடுகு, மிளகு, வெந்தயம் முதலிய காலாட்படை, யானைகளைத் தாண்டி எவரும் எட்டாத பின்வரிசைக்குப் போயிற்று. பழைய அரிசியின் தலைமேல் புதிய அரிசி கொட்டப்பட்டது. வெல்லம் தரையில் இறங்கியது. எறும்புகள் அன்றே குடியேறின. பலகைகளெல்லாம் அரசரின் தோள் உயரத்துக்கு ஏற்றப்பட்டன. முடிவில், அணிவகுப்பு அழகாகத் தெரிய வேண்டுமென்று எல்லாப் பானைகளின் வாயிலும் ஒரே சிவப்புத் துணி கட்டப்பட்டது.

மடைப்பள்ளித் தலைவி உலகி வந்து பானைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். பிறகு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சாமி, எதுல என்ன இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். தம் படையில் ஒவ்வொரு வீரனையும் தாம் அறிவதாக அரசர் அருளினார்.

அறிந்த விதம் மறுநாளே தெரிந்தது. ஆற்றுநீரைப் பங்கிடும் உடன்படிக்கை பேச, தும்பைநாட்டுத் தூதர் பனங்கீரனார் வந்தார். இது முறிந்தால் வரும் கோடையில் இரு நாடும் வாளெடுக்க வேண்டிவரும் என்பதை அரசியார் அறிவார். வரவேற்புக்குக் கற்கண்டு நீர் கலக்கவேண்டும். கற்கண்டு எந்தப் பானை என்று உலகி ஆளனுப்பிக் கேட்டாள். இடப்பக்கம் நான்காவது என்று அரசர் சபையிலிருந்தபடியே விரல் காட்டினார். நான்காவது பானையில் இருந்தது, கிணற்றுநீர் தெளிய வைப்பதற்கான படிகாரம்.

தூதர் ஒரே மூச்சில் பாதிக் கிண்ணம் பருகினார். அவர் வாய் பூட்டியதுபோல் சுருங்கிற்று. கன்னம் இரண்டும் உள்ளே போயின. பேச நாவெழாமல் அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டதும், நஞ்சென்று எண்ணி அவருடன் வந்த வீரர் வாளுறையில் கைவைத்தனர். நம் வீரரும் வைத்தனர்.

அப்போது அரசர் சிங்காதனத்தை விட்டு இறங்கி, தூதர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவர் திருமுகமும் காய்ந்த நெல்லிக்காயாயிற்று. வாய் சுருங்கிய இரு பெரியோரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றனர். முதலில் குலுங்கியது தூதரின் தோள்தான். சிரிக்கவும் வாய் திறக்காமல் அவர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

நாக்கு இளகியதும், பானை மாறிய கதையைக் கேட்டறிந்து, அறையை அடுக்கியவர் யார் என்று தூதர் கேட்டார். நம் அரசர் வாழ்நாளில் முதன்முறையாகத் தலைகுனிந்து, "நான்தான். தொட வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்" என்றார்.

தூதர் பெருமூச்சு விட்டு, "என் வீட்டில் ஊறுகாய் அலமாரி. நாலு மாதம் இல்லாள் பேசவில்லை" என்றார்.

நீர்ப் பங்கீடு அன்று மாலையே சமமாக முடிந்தது. பேச்சு முடிந்ததும் இருவரும் மேலாடையைக் களைந்துவிட்டு உக்கிராண அறைக்குள் சென்றனர். உளுந்து மாடியில் காய்ந்தது. பழைய அரிசி மேலே வந்தது. படிகாரம் அறையை விட்டே வெளியேற்றப்பட்டது. சிவப்புத் துணிகளை அவிழ்த்து, அன்றாடம் வேண்டியவற்றை உலகி கேட்டபடி கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்கள்.

பலகையை எவ்வளவு இறக்கவேண்டும் என்று தச்சர் வினவினார். அரசர் தம் மார்புக்கு நேரே கையை வைத்தார். சற்று யோசித்து, இரண்டு விரல் தாழ்த்தினார். "இவ்வளவுதான் இருப்பாள்" என்றார். தச்சர் குறியிட்டுச் சென்ற பிறகும் அந்தக் கை அங்கேயே நின்றது. அமைச்சன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதலின், வளர்பிறை முடியுமுன் அரசியார் நகர்க்கு எழுந்தருளல் வேண்டும். இது அரசாணை என்று அடியேன் எழுத, அரசர் ஓலையை வாங்கி ஆணை என்ற சொல்லை எழுத்தாணியால் கீறிவிட்டார். வேறு சொல்லுக்காக நெடுநேரம் முயன்று, ஒன்றும் எழுதாமல் தாமே வேங்கை முத்திரையிட்டுத் தந்தார். கீறிய இடத்தில் எச்சொல் இருக்கவேண்டுமோ, அதை அரசியாரே படித்துக்கொள்க.