வெள்ளைக் கல்லு

என் வீட்டுக்காரிக்கு,

கை வீக்கம் வத்திட்டா? பனவடலிசத்திரத்துல, ஒங்க அம்மை வீட்டுல, மாத்திரையை ஒழுங்காப் போடுதியா?

அடுப்பு மேடைக்கு நீ வெள்ளைக் கல்லுதான் கேட்ட. "எது கெடந்தாலும் கண்ணுக்குத் தெரியணும்"ன்ன. அழுக்குத் தெரியாதுன்னு நான்தான் கறுப்பு கிரானைட் போட்டேன். அதுமேல கருந்தேள் கெடந்தது தெரியாம நீ கைய வச்சிட்ட. ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டப்போ, "பாக்காம கைய வச்சிட்டா"ன்னு சொன்னேன். கறுப்புக் கல்லு போட்டது நான்தான்னு சொல்லல.

ஒனக்குக் கொணமாகணும்னு நேந்துகிட்டு, வெள்ளியில செஞ்ச தேள் உரு வாங்கி கோமதியம்மன் கோயில் உண்டியல்ல போட்டேன். மனசு ஆறல. கறுப்பைப் பேத்துட்டு வெள்ளை பதிச்சாச்சு.

நேத்து நானே சாம்பார் வச்சேன். சிந்துன மஞ்சப்பொடி கறை பளிச்சுனு தெரியுது, தொடைச்சும் போகல. கல்லைப் பாக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "யாரு சிந்துனது?"ன்னு கேட்டாக.

நான்தான்னு சொன்னேன்.

உன் புருசன்