குரல் மட்டும்தானே என்கிறார்கள்

என் வள்ளிக்கண்ணு,

நம் அகரத்துப் பெருமாள் கோயிலில் இந்தப் புரட்டாசிக்கும் புராணம் படிக்க ஆள் இல்லை. போன வருஷம் படிக்கிறவருக்குக் கண் மங்கியதும் 'நான் படிக்கவா' என்று நீ போய்க் கேட்டாயே, ஞாபகம் இருக்கா? பொம்பள மேடையேறும் வழக்கமில்லை என்றார் ஊர்த் தலைவர். நீ நம் வாசலில் உட்கார்ந்து படித்தாய். பூப்பறித்துவிட்டு வந்த பெண்கள் விரிப்புகூட இல்லாமல் மண்ணில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு, கேட்காததுபோலக் கேட்டார்கள்.

இந்த வருஷம் யாரோ படித்ததை செல்போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டார்கள். டிப்ளமா படித்தவன் என்று என்னைத்தான் மைக் செட் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். சத்தம் சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் சனம் 'ம்' கொட்ட நீ நிறுத்துவாயே, அது நிற்கவில்லை. இவர்கள் 'ம்' சொல்வதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அத்தை எழுந்துவிட்டார். "இது செவுத்துக்குப் படிக்குதுப்பு, நமக்கில்ல." பின்னாலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள்.

மறுநாள் தலைவர் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஒம் பொண்டாட்டி படிச்சத செல்லுல பதிஞ்சு வச்சிருக்கியாம்ல. அதக் குடு, போடுவோம். சனம் ஏங்குது."

"அவ மேடைல படிக்கக் கூடாதுன்னீங்களே?"

"அது வேற. இப்ப குரல் மட்டும்தானே."

குரல் மட்டும்தானாம், வள்ளி. உடம்போடு வந்தபோது ஆகாதவள், எரித்த பிறகு ஆகிவிட்டாளா? நீ போனதிலிருந்து எனக்கு அழுகைகூட வரவில்லை. சோறு மண்ணா என்று தெரியாமல் தின்கிறேன். அன்றைக்குக் கோபம் மட்டும் வந்தது.

தலைவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், அது லேசு. சாயங்காலம் அத்தையும் வந்து, "எங்களுக்காகவாச்சும் குடுப்பு, காது காஞ்சு கெடக்கு" என்றபோது அது லேசாக இல்லை. அந்தப் பசிக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

"ஒங்க மருமக ஜோதிய மேடையேத்துங்கத்தை. நான் மைக்கு தாரேன்."

"அவளா? எழுத்துக்கூட்டில்ல படிப்பா."

"நீங்க 'ம்' கொட்டுற நேரத்துல கூட்டிக்கட்டும்."

அத்தை சிரித்துவிட்டார். கூட வந்திருந்த ஜோதி சிரிக்கவில்லை. நீ படித்த புராணப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வருகிற சனிக்கிழமை அவள் மேடையில் உட்காருவாள். தலைவர் தடுக்கப் பார்த்துக் கரண்டை நிறுத்தினால் பைக் பேட்டரியில் ஓட்டுவேன். உயிரோடு இருக்கிற ஒருத்தி அங்கே படித்து முடிக்கிறவரை உன் குரலை அந்தக் கோயிலுக்குத் தர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மச்சான்,
கதிர்